ஈகிள் போர்டு: எதிரே உட்கார்ந்த பிள்ளையைப் பேச வைப்பது எப்படி

அமெரிக்காவில் பிள்ளையை ஸ்கவுட் ட்ரூப்பில் (சாரணர் குழுவில்) சேர்த்த பெற்றோர் இரண்டு மூன்று வருடத்தில் அதை நடத்த உதவும் பெரியவர்களின் கமிட்டிக்குள் இழுக்கப்படுவது வழக்கம். கமிட்டிக்கு வந்ததும் தலையில் விழும் முதல் வேலைகளில் ஒன்று போர்டு ஆஃப் ரிவ்யூ, அதாவது ஒரு ரேங்குக்கான வேலையை முடித்த ஸ்கவுட்டோடு பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து பேசும் நேர்காணல். டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ் என்ற ஆரம்ப ரேங்குகளுக்கு வரும் பிள்ளைகளோடு கால் மணி நேரம் பேசுவதில் பெரிய சிக்கல் வராது. ஸ்டார், லைஃப், எல்லாவற்றுக்கும் மேலான ஈகிள் என்று மேலே போகும்போதுதான் தடுமாற்றம். எதிரே இருப்பவருக்கு 16, 17 வயது. சட்டை நிறைய பேட்ஜ். கேள்வி கேட்கப்போகிற நம்மில் பலர் ஒரு நாள்கூட ஸ்கவுட்டாக இருந்ததில்லை. இந்தக் கூச்சத்தை மறைக்கப் பெரியவர்கள் பரீட்சை அதிகாரி வேடம் போட்டுக்கொள்வார்கள். போர்டு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் வரும் ஸ்கவுட் எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் வருகிறார். ஈகிள் என்றால் 21 மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு துறையாகக் கற்று வாங்குவது), லைஃப் ஸ்கவுட்டாக 6 மாதம் சுறுசுறுப்பான பங்கேற்பு, அதே காலத்தில் ட்ரூப்பில் 6 மாதப் பொறுப்பு, சர்வீஸ் ப்ராஜெக்ட், ட்ரூப்பை வழிநடத்தும் ஸ்கவுட்மாஸ்டரோடு கான்ஃபரன்ஸ் எல்லாம் கையெழுத்தாகி, வட்டார அமைப்பான கவுன்சில் விண்ணப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் போர்டு கூட வேண்டும். முடிச்சுப் போடச் சொல்வதும், முதலுதவிப் படிகளை ஒப்பிக்கச் சொல்வதும் மறு பரீட்சை. அதற்கு விதியில் இடமில்லை. 1912-ல் முதல் ஈகிள் ஆன ஆர்தர் எல்ட்ரெட்டுக்கு ஜேம்ஸ் வெஸ்ட், எர்னஸ்ட் தாம்சன் சீட்டன், டேனியல் பியர்ட் போன்ற தலைவர்களே போர்டில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன் யாரும் வாங்காத ரேங்க் என்பதால் துருவிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. நமக்கு இல்லை.

அப்படியானால் போர்டு எதற்கு? ரேங்க் சரியான முறையில் வந்ததா என்று உறுதி செய்ய, ஸ்கவுட்டுக்கு இந்த வருடங்கள் எப்படி இருந்தன என்று கேட்க, ட்ரூப் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. இவற்றோடு இன்னொன்று: தான் செய்ததைத் தன் வாயால் கோர்வையாகச் சொல்லும் வாய்ப்பு அநேகப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தடவை. கேள்விகளை அதற்கேற்றபடி அமைத்தால் உற்சாகம் தானாக வரும், தனியாகப் புகழ்மாலை போட வேண்டியதில்லை.

யார் உட்காரலாம்

எந்த போர்டிலும் 3 முதல் 6 பேர், எல்லோரும் 21 வயது நிரம்பியவர்கள். ஸ்டார், லைஃப் போர்டுகளில் கமிட்டி உறுப்பினர்கள் உட்காருவார்கள். ஈகிள் போர்டில் ட்ரூப்போடு சம்பந்தமில்லாத ஒரு டிஸ்ட்ரிக்ட் (கவுன்சிலின் உட்பிரிவு) அல்லது கவுன்சில் பிரதிநிதி கட்டாயம். மற்றவர்கள் ஸ்கவுட்டிங்கில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டியதில்லை, அதன் நோக்கம் புரிந்தவர்களாக இருந்தால் போதும். ஸ்கவுட்மாஸ்டரும் உதவி ஸ்கவுட்மாஸ்டர்களும் தங்கள் ட்ரூப் ஸ்கவுட்டுக்கு உட்காரக் கூடாது. பெற்றோரும் உறவினரும் தங்கள் பிள்ளைக்கு உட்காரக் கூடாது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஸ்கவுட்டுக்கும் அவர் வீட்டாருக்கும் பங்கில்லை.

ஆறு பேர் வரலாம் என்பதற்காக ஆறு பேரைக் கூட்டாதீர்கள். ஸ்டார், லைஃபுக்கு மூன்று பேர், ஈகிளுக்கு நான்கு பேர் இருந்தால் பேச்சு பேச்சாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஆளுக்கு ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும் என்ற கணக்கு வந்து, ஒரு பதிலும் முழுமையாக வராது.

பெற்றோர் பார்வையாளராகவும் உள்ளே வராமல் இருப்பதே முறை. பிடிவாதமாகக் கேட்டால், அவர்கள் இருந்தால் பிள்ளை பேசும் விதமே மாறிவிடும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் அனுமதிக்க வேண்டும், அதுதான் விதி. அப்போது நாற்காலியை ஸ்கவுட்டின் பின்பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள். ஸ்கவுட்மாஸ்டர் அறிமுகம் செய்துவிட்டு உள்ளேயே இருந்தால் அவருக்கும் இதே ஏற்பாடு. கண்ணெதிரே இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பார்வை அவர் முகத்துக்குப் போய்த் திரும்பும்.

முன்கூட்டியே படிக்க வேண்டியவை

உறுப்பினர்கள் 30 நிமிடம் முன்னதாக வந்துவிட வேண்டும். விண்ணப்பம், ப்ராஜெக்ட்டின் திட்டத்தையும் நடந்ததையும் பதிந்த ஒர்க்புக், ஸ்கவுட் எழுதிய வாழ்க்கை நோக்க அறிக்கை, ரெஃபரன்ஸ் கடிதங்கள் ஆகியவற்றை அந்த நேரத்தில் படியுங்கள். ஒர்க்புக்கை முந்தின நாளே அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது. ஸ்கவுட் உட்கார்ந்த பிறகு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேள்வி தேடுவதைப் போல அவமதிப்பு வேறில்லை. ஒரு வருடம் உழைத்து எழுதிய ஒர்க்புக்கை யாரும் தொடக்கூட இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

படிக்கும்போது ஆளுக்கு இரண்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்கும் நடந்ததற்கும் வித்தியாசம் தெரியும் இடம் ஒன்று: மூன்று வேலை நாள் என்று எழுதியவர் ஐந்து நாள் எடுத்திருப்பார், பெயின்ட் மாறியிருக்கும், நன்கொடை குறைந்திருக்கும். வாழ்க்கை நோக்க அறிக்கையில் மற்ற வரிகளோடு ஒட்டாமல் தனியாக உயிரோடு நிற்கும் ஒரு வாக்கியம் இன்னொன்று. நல்ல கேள்விகள் இந்த இரண்டிலிருந்தும்தான் கிடைக்கும். இணையத்தில் உலவும் ‘போர்டுக்கான 100 கேள்விகள்’ வகைப் பட்டியலை ஸ்கவுட்டும் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

ரெஃபரன்ஸ் கடிதங்கள் ரகசியம். போர்டு உறுப்பினர் தவிர யாருக்கும் அதில் உள்ளதைச் சொல்லக் கூடாது. பாராட்டுக்கும் இது பொருந்தும். ‘உங்க டீச்சர் உன்னை ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்காங்க’ என்று நல்லெண்ணத்தில் உளறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்கப்பட்டவர்கள் பதில் அனுப்பாமல் விட்டதால் கடிதம் குறைந்தால், பழி ஸ்கவுட்மேல் இல்லை. நியாயமான முயற்சிக்குப் பிறகும் வராவிட்டால் போர்டு நடந்தே ஆக வேண்டும்.

விண்ணப்பத்தில் தேதிச் சிக்கல் இருக்கிறதா என்று போர்டின் தலைவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். போர்டைத் தவிர மற்ற எல்லாத் தேவைகளும் 18-வது பிறந்தநாளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். போர்டை மட்டும் அதற்குப் பிறகு 24 மாதம் வரை தனி அனுமதி இல்லாமல் வைக்கலாம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் காகிதத்தைப் பார்க்கும்போதே தெரிய வேண்டும். நேர்காணலின் நடுவில் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கண்டுபிடிக்கக் கூடாது.

முதல் ஐந்து நிமிடம்

நீள மேஜைக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையாக, எதிரே தனி நாற்காலி என்ற அமைப்பைத் தவிருங்கள். வட்ட மேஜை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மேஜையின் ஒரு மூலையைச் சுற்றி உட்காருங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் வையுங்கள். ஸ்கவுட் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து கைகுலுக்கி, பெயரும் தங்களுக்கு ஸ்கவுட்டிங்கோடு உள்ள தொடர்பும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

சட்டை பற்றி ஒரு வார்த்தை. ஸ்கவுட் தன்னிடம் உள்ள யூனிஃபார்மை அணிந்து, முடிந்தவரை நேர்த்தியாக வந்தால் போதும். பேன்ட் வேறு, பேட்ஜ் தைத்த சாஷ் இல்லை, பேட்ஜ் ஓர் அங்குலம் தள்ளித் தைத்திருக்கிறது என்பதெல்லாம் போர்டில் பேசும் விஷயமே இல்லை.

ஸ்கவுட் ஓத் (உறுதிமொழி), ஸ்கவுட் லா (நெறிகள்) சொல்லித் தொடங்கும் வழக்கம் பல ட்ரூப்களில் உண்டு. ஸ்கவுட்டைத் தனியாக நிறுத்திச் சொல்ல வைத்தால், ஆறு வருடமாக வாரம் தவறாமல் சொன்ன லாவின் 12 அம்சங்களில் எட்டாவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர் மனம் அந்த இடத்திலேயே நிற்கும். எல்லோரும் எழுந்து சேர்ந்து சொல்லுங்கள்.

முதல் கேள்வி, யோசிக்காமல் பதில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பது எளிதாகத் தோன்றும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாத கேள்வி அது. ‘எத்தனாவது வகுப்பில் ட்ரூப்புக்கு வந்தாய்? அந்த முதல் கேம்ப்பில் யார் கூட ஒரே டென்ட்டில் இருந்தாய்?’ என்று கேட்டால் பதில் சட்டென்று வரும், கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

கேள்வியை எப்படி அடுக்குவது

யார், எப்போது, எங்கே என்று தொடங்கி, என்ன நடந்தது என்று நகர்ந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று முடிப்பதே வேலை செய்யும் வரிசை. பலர் தலைகீழாகத் தொடங்குவார்கள். ‘தலைமைப் பண்பு என்றால் உனக்கு என்ன?’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். அதே விஷயத்தைக் கீழிருந்து தொட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரு பள்ளித் தோட்டத்துக்கு பெஞ்ச் செய்து கொடுத்த ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம்.

“ப்ராஜெக்ட் நாள் எப்படிப் போச்சு?”

“நல்லாத்தான் போச்சு. எல்லாரும் ஹெல்ப் பண்ணாங்க.”

“மரம் அறுத்தது யாரு?”

“அப்பாவும் இன்னொரு அங்கிளும். பவர் ஸா பெரியவங்கதான் எடுக்கணும்.”

“அவங்க அறுக்கிற நேரத்துல சின்னப் பசங்க என்ன செஞ்சாங்க?”

“முதல் ஒரு மணி நேரம் சும்மா நின்னாங்க. ரெண்டு பேர் போன் பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் அறுத்து முடிச்ச துண்டையெல்லாம் தனியா எடுத்து வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு டீம் போட்டேன்.”

“அடுத்த வேலை நாளுக்கு அதை எப்படி மாத்தினே?”

தலைமை என்ற சொல்லே வராமல் தலைமை முழுவதும் வந்துவிட்டது. தான் செய்தது பெரிய காரியம் என்று அந்தப் பிள்ளை அதுவரை நினைத்திருக்க மாட்டார், சும்மா சமாளித்தோம் என்று மட்டும் நினைத்திருப்பார். ‘அந்த ஒரு மணி நேரத்தைக் கவனித்து மாற்றினாயே, அதுதான் நாங்கள் கேட்க வந்தது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு பதிலுக்குக் குறைந்தது இரண்டு தொடர் கேள்வி கேட்ட பிறகே விஷயம் மாற வேண்டும். இதற்கு உறுப்பினர்களுக்குள் முன்பே பங்கு பிரித்துக்கொள்வது உதவும்: ஒருவர் ப்ராஜெக்ட், ஒருவர் ட்ரூப் பொறுப்பும் கேம்ப்பும், ஒருவர் வாழ்க்கை நோக்கமும் ஸ்கவுட் லாவும். ஒருவர் தன் பகுதியை முடிக்கும் வரை மற்றவர்கள் குறுக்கே வராதீர்கள். குறிப்பெடுப்பது ஒரே ஒருவர் வேலை. நான்கு பேரும் குனிந்து எழுதினால் ஸ்கவுட் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்?

மௌனம் வந்தால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஆறு ஏழிலேயே பதில் வந்துவிடும். வராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல், சின்னதாக்கிக் கேளுங்கள். ‘ட்ரூப்பில் எதை மாற்றுவாய்?’ என்பதற்குப் பதில் இல்லையென்றால், ‘போன வருடம் எந்த மீட்டிங் ரொம்ப போர் அடித்தது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

வழுக்கும் இடங்கள்

ப்ராஜெக்ட்டின் அளவை எடை போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இத்தனை மணி நேரம் ஆக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. திட்டமிட்டாரா, மற்றவர்களை வழிநடத்தினாரா, பலன் பெற்ற அமைப்பு ஏற்றுக்கொண்டதா என்பவையே பார்க்க வேண்டியவை. ப்ரொபோசலில் ஏற்கெனவே பலன் பெறும் அமைப்பு, ஸ்கவுட்மாஸ்டர், கமிட்டி, கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் என்று நான்கு தரப்பின் ஒப்புதல் இருக்கிறது. ‘இன்னும் பெரிசா செஞ்சிருக்கலாமே’ என்ற ஒரு வாக்கியம் அத்தனை உழைப்பையும் தண்ணீரில் கரைத்துவிடும்.

மெரிட் பேட்ஜ் பற்றிச் சந்தேகம் இருந்தாலும் போர்டில் அதைப் பறிக்க முடியாது. அந்த பேட்ஜைக் கற்றுத் தரும் பதிவு பெற்ற கவுன்சிலர் கையெழுத்திட்டால் அது வாங்கியாகிவிட்டது. வேண்டுமானால் ‘எந்த பேட்ஜ் உனக்கு எதிர்பாராமல் பிடித்தது?’ என்று கேளுங்கள்.

பொறுப்பில் இருந்தபோது சரியாக வேலை செய்யவில்லை என்ற முணுமுணுப்பும் சில சமயம் போர்டு வரை வரும். குறையை அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே ஸ்கவுட்டிடம் சொல்லித் திருத்த வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமல் விட்டதை முதன்முறையாக போர்டில் எடுத்து வைப்பது அநியாயம்.

கடவுள் நம்பிக்கை நிதானம் தேவைப்படும் பகுதி. ஓத்தில் கடவுளுக்கான கடமை உண்டு, லாவின் 12-வது அம்சமும் அதுதான். ஆகவே அதைத் தன் வாழ்க்கையில் எப்படி நடைமுறைப்படுத்துகிறார் என்று கேட்பதில் தவறில்லை. எந்தக் கோவில், எந்த சர்ச், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று போவது தவறு. நம்பிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று அமைப்பு வரையறுப்பதில்லை, அது குடும்பத்தின் காரியம். உறுப்பினர் தன் மதத்தின் கண்ணால் பதிலைத் திருத்தப் புறப்பட்டால் தலைவர் உடனே பேச்சை மாற்ற வேண்டும்.

நம்மவர்கள் உட்காரும் போர்டுகளுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு: எந்த காலேஜ், என்ன மேஜர், எஸ்ஏடி எவ்வளவு. வாழ்க்கை நோக்க அறிக்கை அட்மிஷன் கட்டுரை இல்லை. வெல்டிங் படிக்கப் போகிறேன், ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு யோசிக்கிறேன் என்று சொல்கிறவரிடமும் புருவத்தை உயர்த்தாமல் ‘அந்த ஆசை எங்கே தொடங்கியது?’ என்றே கேளுங்கள். கேம்ப்பில் உடைந்த அடுப்பைச் சரிசெய்த நாளில் அது தொடங்கியிருக்கலாம்.

பயிற்சி எடுத்து வந்த ஸ்கவுட் என்று ஒரு வகை. பதில்கள் வழவழவென்று, எல்லாம் மூன்று அம்சமாக வரும். இவர்களிடம் மடக்குக் கேள்வி போடுவதில் பலனில்லை. ஒர்க்புக்கிலிருந்து ஒரு படத்தைத் திறந்து நீட்டி, ‘இந்த போட்டோவில் மூலையில் நிற்கும் பையன் யார், அன்று என்ன செய்தான்?’ என்று கேளுங்கள். அதற்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்க முடியாது, நிஜக் குரல் அங்கேதான் வெளிவரும். இதற்கு நேர்மாறாக, கூட்டத்தில் பேச முடியாத பிள்ளைகளும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் வருவார்கள். முக்கியமான நான்கைந்து கேள்விகளை முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள். சிலர் கையில் ஒர்க்புக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் கோர்வையாகப் பேசுவார்கள்.

ட்ரூப்பைப் பற்றிக் குறை சொன்னால் பதில் வாதம் வேண்டாம். ‘கேம்ப் மெனுவிலிருந்து டூட்டி லிஸ்ட் வரை எல்லாம் பெரியவங்களே முடிவு பண்றாங்க’ என்று ஒரு ஸ்கவுட் சொன்னால், கமிட்டிக்கு இதைவிட நல்ல தகவல் வேறெங்கும் கிடைக்காது. குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

நேரமும் முடிவும்

ஈகிள் போர்டு 30 நிமிடத்துக்குக் குறையாமல், 45 நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஸ்டார், லைஃபுக்கு அதைவிடக் குறைவு போதும். கடைசி ஐந்து நிமிடத்தை ஸ்கவுட்டுக்கு விடுங்கள்: எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா, நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் சில நேரம் முந்திய அரை மணி நேரத்தைவிடக் கனமாக இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்தபடி அதைக் கேட்காதீர்கள்.

பிறகு ஸ்கவுட்டை வெளியே அனுப்பிவிட்டு முடிவெடுங்கள். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். சிக்கல் இல்லாதபோது ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிட்டுவிடுங்கள். உள்ளே பெரியவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, வெளியே அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து தான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருக்கும்.

திரும்பி வந்ததும் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லுங்கள். முன்னுரை வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் அன்றைய பேச்சிலிருந்து எடுத்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும்: உப்புத்தாள் டீம், அழுத சின்னப் பையனோடு இரவு டென்ட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது, தப்பு என்னுடையது என்று நன்கொடையாளரிடம் போய்ச் சொன்னது. ‘உன்னால் எங்களுக்கெல்லாம் பெருமை’ என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் நினைவில் நிற்காது. போர்டு நடந்த தேதியே ரேங்க் கிடைத்த தேதியாகப் பதிவாகும் என்பதையும், தேசிய அலுவலகச் சான்றிதழ் வந்த பிறகே பேட்ஜ் அணிவிக்கும் விழா நடத்தலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹால் புக் செய்யக் குடும்பம் அவசரப்படும்.

ஒப்புதல் கொடுக்க முடியாத நிலை அபூர்வம். வந்தால் மழுப்பாதீர்கள். எந்தத் தேவை, எதனால் நிறைவேறவில்லை, என்ன செய்தால் நிறைவேறும், எந்தத் தேதியில் மறுபடி கூடுவோம் என்று நேரில் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். ஈகிள் என்றால் மேல்முறையீடு செய்யும் வழியும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். மறுபடி கூடும்போது முடிந்தவரை அதே உறுப்பினர்கள் வந்தால், ஸ்கவுட் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருக்காது.

எல்லோரும் கலையும் முன் தலைவருக்கு மூன்று வேலை பாக்கி. விண்ணப்பத்தில் எல்லாக் கையெழுத்தும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரெஃபரன்ஸ் கடிதங்களை எண்ணிச் சேகரித்து கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்புவது. யார் பையிலும் ஒன்றுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. ட்ரூப்பைப் பற்றி ஸ்கவுட் சொன்ன குறைகளைப் பெயர் இல்லாமல் எழுதி, அடுத்த கமிட்டி மீட்டிங்குக்கான அஜெண்டாவில் சேர்ப்பது.